இரண்டாம் சுற்று நேர்காணல்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ரெண்டடி. அழைப்பு மணியை அழுத்திவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்க வேண்டும், உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பித் தெருவைப் பார்ப்பதுபோல் இருக்க வேண்டும், கதவு திறந்ததும்தான் முகத்தைத் திருப்பிச் சிரிக்க வேண்டும். இதுதான் அங்கே முதல் நாள் பாடம். நேராக நின்றால் வீட்டுக்காரர்கள் மிரண்டுவிடுவார்களாம். மற்றவர்கள் ஒரே வாரத்தில் இதை மறந்து கதவோடு ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். இவள் ஒருத்திதான் ஏழு மாதமாக அளந்து வைத்த மாதிரி இரண்டடி. சொந்த வீட்டு வாசலிலும் அப்படியே நின்றாள். கதவைத் திறக்கும் அப்பா, "என்னம்மா, யாரோ மாதிரி தள்ளி நிக்கிற?" என்பார். செருப்பில் மண் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொண்டு உள்ளே போவாள்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு நாற்காலி. அவர் முப்பத்தொரு வருடம் தபால்காரராக நடந்தவர். அவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே அவருடைய முழங்கால்கள் ஓய்வு பெற்றுவிட்டன. மகள் ஒன்பது வருடம் ஒரு துணிக்கடையில் பில் போட்டாள், அதுவும் நின்றுகொண்டே. அந்த முதலாளிக்கு உட்கார்ந்திருக்கும் ஊழியரைக் கண்டாலே ஆகாது. கடையை இழுத்து மூடியபோது அவளுக்கு வயது முப்பத்தாறு. அம்மா போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிவிட்டது, கல்யாணப் பேச்சும் வந்து வந்து தானாக அடங்கிவிட்டது. வீட்டில் அப்பாவும் மகளும்தான். "அடுத்த வேலையாவது உக்காந்து பாக்கிற வேலையா அமையணும்மா" என்பது அவருடைய ஓயாத பல்லவி. சம்பளம் எவ்வளவு என்று அவர் கேட்டதில்லை, நாற்காலி உண்டா என்றுதான் கேட்பார்.

விளம்பரத்தைப் பார்த்தால் யாருக்கும் நாக்கில் நீர் ஊறும். அலுவலக நிர்வாகப் பயிற்சி, ஆறே மாதத்தில் மேலாளர், முன் அனுபவம் தேவையில்லை, விற்பனை வேலை அல்ல. கடைசி வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வேலை இல்லாதவளுக்குச் சந்தேகப்பட எங்கே நேரம்?

முதல் சுற்று நேர்காணல் மூன்று நிமிடத்தில் முடிந்தது. மேலாளர் அவளைவிட எட்டு வயது சின்னவர், சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. "உங்க கண்ணுல ஒரு நெருப்பு தெரியுது" என்றார். வருகிறவர்கள் எல்லார் கண்ணிலும் அவருக்கு அந்த நெருப்பு தெரியும் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்ப்புக்கு என்று வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். மறுநாள் இரண்டாம் சுற்று என்றார். இரண்டாம் சுற்றுக்குப் போனால் அங்கே மேசை இல்லை, கேள்வி இல்லை. ஒரு பெரிய பை, கழுத்தில் கைக்குட்டை கட்டிய ஒரு மனிதர், ஒரு நீளத் தெரு. சாயங்காலம் வரை அந்தக் கைக்குட்டைக்காரர் பின்னால் எண்பது வாசல் ஏறி இறங்கினாள். பாதியில் ஓடிப்போகலாம் என்றால் சான்றிதழ் எல்லாம் அலமாரியில். ஓடவும் முடியாது.

பையில் இருந்தது குழாயில் மாட்டும் தண்ணீர் வடிகட்டி. அதை விற்பதற்கு ஒரு வித்தை இருந்தது. வீட்டுக்காரர்களிடமே ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, இரண்டு கம்பி உள்ள ஒரு சின்னக் கருவியை அதில் விட்டு, மின்சாரத்தில் செருகினால் இரண்டே நிமிடத்தில் தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கிப் போகும். "இதைத்தான் இத்தனை நாளா குடிச்சிருக்கீங்க" என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். குழந்தை உள்ள வீடுகளில் குழந்தையைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும். விற்றால் பங்கு உண்டு, விற்காவிட்டால் ஒன்றும் கிடையாது, பேருந்துக் காசுகூடக் கிடையாது.

அன்று சாயங்காலம் கால் இரண்டும் கெஞ்ச வீட்டு வாசலில் நின்றபோது அப்பா கேட்டார். "நாற்காலி கொடுத்தாங்களாம்மா?"

"கொடுத்தாங்கப்பா."

அந்த ஒரு பொய்தான். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அவரே கட்டிக்கொண்டார். மறுநாளே கடைக்கு நடந்துபோய் நாற்காலியில் போட்டுக்கொள்ளும் ஒரு சின்ன மெத்தை வாங்கி வந்தார், நீலத்துணி உறை போட்டது. "நாள் பூரா உக்காந்தா இடுப்பு பிடிச்சுக்கும்" என்றார். அவள் அதைத் தினமும் எடுத்துப்போய்த் தினமும் திருப்பிக் கொண்டுவந்தாள். வடிகட்டிப் பெட்டியின் மூலை முதுகில் குத்தாமல் இருக்கப் பைக்கும் முதுகுக்கும் நடுவில் அதை வைத்துக்கொண்டாள். ஏழு மாதத்தில் மெத்தையில் பெட்டி மூலையின் பள்ளம் அப்படியே விழுந்துவிட்டது.

அலுவலகத்திலும் ஒரு நாற்காலி இருக்கத்தான் செய்தது. ஜன்னல் ஓரம், சாய்மானம் உயர்ந்தது, கறுப்பு நிறம். அதில் யாரும் உட்காரக் கூடாது. தினமும் காலை எட்டரைக்கும் சாயங்காலம் திரும்பியதும் எல்லாரும் வட்டமாக நின்று கைதட்டுவார்கள். ஒன்றாவது விற்றவர்கள் ஓடிப்போய் மேசை மேல் இருக்கும் வெண்கல மணியை அடிப்பார்கள். கடைசியில் மேலாளர் அந்த நாற்காலியைக் கைகாட்டி, "இது யாருக்கு?" என்று கத்துவார். "எனக்கு!" என்று இருபது பேரும் கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்துவார்கள். இரண்டாம் சுற்று முடிந்தும் ஓடாத ஐந்து ஆளைச் சேர்த்துவிட்டால் உதவி மேலாளர், மாதச் சம்பளம், அந்த நாற்காலி. அவள் பதினோரு பேரை அழைத்துப்போயிருந்தாள். நாலு பேர் நிலைத்தார்கள். ஐந்தாவது ஆள் கிடைத்துவிட்டால் அப்பாவிடம் சொன்ன பொய் உண்மையாகிவிடும். அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. ஏழு மாதமாக அவளை நடக்கவைத்தது இந்தக் கணக்குதான்.

ஐந்தாவதாக வந்தவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். நேர்காணலுக்கு என்றே வாங்கிய புதுச்செருப்பு, குதிகாலில் இன்னும் விலைச்சீட்டின் பசை. பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் மனதுக்குள் அவளைப் புதுச்செருப்பு என்றே வைத்துக்கொண்டாள் ரெண்டடி. வருகிறவர்களின் பெயரைத் தெரிந்துகொண்டால், அவர்கள் போகும்போது மனசு கேட்பதில்லை.

அன்று கொடுத்த தெருக்கள் ரெண்டடியின் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மற்ற நாளாக இருந்தால் யார் காலிலாவது விழுந்து மாற்றிக்கொண்டிருப்பாள். அன்று மேலாளர், "ஆளை முடிச்சிட்டு வாங்க, நாற்காலியைத் துடைச்சு வைக்கச் சொல்றேன்" என்று காதருகே சொன்னதில் வாய் திறக்கத் தோன்றவில்லை. ஆனாலும் தெருவில் இறங்கியதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாராவது தெரிந்த முகம் எதிரே வந்துவிடுமோ என்று மூலைக்கு மூலை திரும்பிப் பார்த்தாள். மணியை அழுத்திவிட்டுத் தெருவைப் பார்க்கிற அந்தப் பாடம் அன்று நடிப்பில்லாமல் வந்தது.

புதுச்செருப்போ எல்லாவற்றையும் வாய் பிளந்து பார்த்தாள். நாலாவது வீட்டில் தண்ணீர் கலங்கியதும் அந்த வீட்டம்மாவைவிட இவள்தான் அதிகம் பதறினாள். வெளியே வந்ததும், "அக்கா, எங்க வீட்டுல குழாய்த் தண்ணிதான் குடிக்கிறோம்" என்றாள். இரண்டாவது மாதத்தில் ஒரு நாள், அதே வடிகட்டியில் பிடித்த தண்ணீரில் அதே கம்பியை விட்டுப் பார்த்திருந்தாள் ரெண்டடி. அதுவும் அதே செம்மண் நிறம்தான். கரைவது கம்பி. அதை யாரிடம் போய்ச் சொல்வது? "நட, நட, நேரமாச்சு" என்றாள்.

வேகமாக நடப்பதும் பாடத்தில் உண்டு. இரண்டாம் சுற்றுக்கு வருகிறவர்களை யோசிக்க விடக் கூடாது. கைப்பேசியை அணைத்து வைக்கச் சொல்ல வேண்டும், கவனம் சிதறுமாம். மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் சாவகாசமாகப் பேச வேண்டும், அதுவும் நாற்காலியைப் பற்றித்தான்.

ஒரு பூங்காவின் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். புதுச்செருப்பு செருப்பைக் கழற்றினாள். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"காலையிலயே சொல்லக் கூடாதா?"

"நேர்காணல்ல காலு வலிக்குதுன்னு சொன்னா நல்லா இருக்குமா அக்கா?" என்று சிரித்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "அக்கா, ஒண்ணு கேட்கட்டுமா? உங்களைப் பார்த்தா பொய் சொல்றவங்க மாதிரி தெரியல" என்றாள்.

ரெண்டடி கையிலிருந்த கவளத்தை டப்பாவிலேயே வைத்தாள்.

"எனக்கு ஒரு ஆஸ்பத்திரில பதிவு மேசையில வேலை சொல்லியிருக்காங்க. வர்றவங்க பேரை எழுதி சீட்டுக் கொடுக்கிற வேலை. சம்பளம் கம்மிதான். இன்னிக்கு நாலு மணிக்குள்ள வர்றேனா இல்லையான்னு சொல்லிடணும், இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. இங்க ஆறு மாசத்துல மேலாளர்னு சொன்னதால அதை விட்டுடலாம்னு பாக்கிறேன். எங்க அம்மா அதுக்குப் போன்னு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க அக்கா. இது நல்ல வேலைதானே?"

மணி ஒன்றைத் தாண்டி இருந்தது. இதற்கும் பாடம் இருந்தது. வேறு வேலை கையில் இருப்பதாக ஒருவர் சொன்னால் சந்தோஷப்பட வேண்டும், வாழ்த்த வேண்டும், பிறகு நேரம் தாண்டும் வரை விடாமல் நடத்த வேண்டும். கைப்பேசி அணைந்துதான் இருக்கிறது. மூன்று மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாற்காலியைத் துடைத்து வைத்திருப்பார்கள்.

"சாப்பிடு. நேரம் இருக்கு, யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

யோசிக்க என்ன இருந்தது? ஆனாலும் நடந்தாள். ஒரு வாசல், இன்னொரு வாசல். ஒரு கிழவர் நாயை அவிழ்த்துவிடப் போவதாகச் சொன்னார், அவரிடம் நாயே இல்லை. ஒரு வீட்டில் கதவைத் திறந்தவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தாள். ரெண்டடி கம்பியை விட்டாள், கலங்கியது. குழந்தையைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வரியைச் சொல்லவில்லை. "மன்னிச்சிடுங்கம்மா, கருவி சரியில்ல" என்று பிடுங்கி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வியர்வை முதுகில் வழிந்து மெத்தை ஈரமாக ஒட்டிக்கொண்டது. அடிக்கொருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டரை. மூன்று. பின்னால் புதுச்செருப்பு நொண்டிக்கொண்டே வந்தாள், முகத்தில் மட்டும் சிரிப்பு மாறவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

மூன்றேகாலுக்குத் தெருமுனையில் சட்டென்று நின்றாள்.

"இங்க பாரு. இந்த வேலை வேணாம். மாசச் சம்பளம் கிடையாது. ஆறு மாசத்துல யாரும் மேலாளர் ஆகல. அந்தத் தண்ணி கலங்குறது கம்பி கரையுறதால. நீ ஆஸ்பத்திரிக்கே போன் பண்ணு. இப்பவே பண்ணு."

சொல்லிவிட்டாள். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. ஏழு மாதத்தில் முதல் தடவையாகத் தோளும் லேசானது.

புதுச்செருப்பு அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் பூரித்துச் சிரித்தாள். "தெரியும் அக்கா! மேலாளர் நேத்தே சொன்னார். 'கூட வர்றவங்க உங்களை வேணாம் வேணாம்னு சொல்லி சோதிப்பாங்க, பலவீனமானவங்க அதுலயே போயிடுவாங்க'ன்னு. நான் போக மாட்டேன் அக்கா. நீங்க எழுதிக்கோங்க."

ரெண்டடிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அவளுக்கு எல்லாம் நினைவு வந்தது. ஏழு மாதத்துக்கு முன்பு, பதினேழாவது வாசலோ பதினெட்டாவது வாசலோ, கழுத்துக் கைக்குட்டையை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டு அந்த மனிதர் சொன்னார், "இது உனக்கு வேணாம்மா, வீட்டுக்குப் போயிடு." அவளும் இதே மாதிரிதான் சிரித்தாள். "சோதிக்கிறீங்கன்னு தெரியும் சார்" என்றாள், பெருமை பொங்க. அவர் கைக்குட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டு அடுத்த மணியை அழுத்தினார். அடுத்த மாதம் அவர் வரவில்லை. தாக்குப்பிடிக்க முடியாமல் ஓடிவிட்டார் என்று மற்றவர்களோடு சேர்ந்து இவளும் சிரித்திருக்கிறாள்.

"நான் சோதிக்கல. சத்தியமாச் சொல்றேன்."

"சத்தியம்கூடப் பண்ணுவாங்கன்னு சொன்னார் அக்கா."

கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். என்ன சொன்னாலும் அதை மேலாளர் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார். அழுதால் அதுவும் சோதனை. திட்டினால் அதுவும் சோதனை. கழுத்தைப் பிடித்துத் தள்ளினால்கூட இவள் மதிப்பெண் கேட்பாள் போலிருந்தது. இவளாகவே போன் பேசப்போவதில்லை, மணி மூன்றரையை நெருங்குகிறது. பேசாமல் விட்டுவிடலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, நம்பாதது அவள் பாடு. நாற்காலியும் கிடைக்கும், மனசாட்சிக்கும் ஒரு பதில் இருக்கும். இந்த நினைப்பு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை நினைத்துப் பிறகு பல நாள் அவள் வெட்கப்பட்டாள்.

மேலாளர் முன்கூட்டியே சொல்லி வைக்காத இடம் ஒன்றுதான் இருந்தது. அது இரண்டு தெரு தள்ளி இருந்தது.

"வா, இன்னும் ஒரு வீடு" என்றாள்.

மணியை அழுத்தினாள். பழக்கத்தில் கால் தானாக இரண்டடி பின்னால் போனது. உள்ளே கைத்தடி சத்தம் மெதுவாக வந்தது.

"அட, மேலாளரம்மா இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டாங்களா!" அப்பாவுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. "யாரு, ஆபீஸ் பொண்ணா? உள்ள வாம்மா, உக்காரு. ஐயோ, கால்ல என்ன ரத்தம்?"

புதுச்செருப்பு அவரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா அவளை உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தார். "இவகிட்ட வேலை கத்துக்கிறியா? நல்லாச் சொல்லிக்கொடுப்பா. என்னம்மா, மெத்தை போட்டுத்தானே உக்காருற? இடுப்பு வலி வரல இல்ல?"

ரெண்டடி பையை இறக்கினாள். முதுகுப் பக்கத்திலிருந்து மெத்தையை உருவி அவர் மடியில் வைத்தாள். ஈரமாக, ஒரு மூலை பள்ளம் விழுந்து, நீலம் வெளுத்துக் கிடந்தது.

"அப்பா, எனக்கு நாற்காலி கிடையாது. முதல் நாள்ல இருந்தே கிடையாது. நான் வீடு வீடாப் போய் இந்தத் தண்ணிப் பெட்டியை விக்கிறேன். ஏழு மாசமா உங்ககிட்டப் பொய் சொல்லிட்டு இருக்கேன்."

அப்பா மகளைப் பார்க்கவில்லை. மெத்தையைத் திருப்பினார், பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு ஒரேயடியாக இறங்கியது. கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை வாசல்?" என்று கேட்டார்.

"எண்பது. சில நாள் தொண்ணூறு."

"நான் அதுக்கு மேலயும் போயிருக்கேன்" என்றார். "ஆனா நான் போன வாசல்ல யாராவது எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க. கடுதாசி வந்ததான்னு ஓடி வருவாங்க. உன்னை ஒருத்தரும் எதிர்பார்த்திருக்க மாட்டாங்களேம்மா. எண்பது வாசல்லயும் வேணாம் வேணாம்னுதானே கேட்டிருப்ப."

அவள் அழுதாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்துகொண்டு வந்தது.

புதுச்செருப்பு எழுந்து நின்றிருந்தாள். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அப்பாவின் முகத்தை. எந்த மேலாளராலும் அந்த முகத்தை ஏற்பாடு செய்ய முடியாது என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். கைப்பேசியை எடுத்து உயிர்ப்பித்தாள்.

மூன்று நாற்பத்தைந்துக்கு முதல் தடவை போட்டாள், இணைப்புக் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா கைத்தடியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். ரெண்டடி ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள்.

"ஹலோ... மேடம், நான் வர்றேன். ஆமா. நாளைக்கே வர்றேன்... அசல் சான்றிதழா?" அவள் குரல் இறங்கியது. "காலையில எட்டு மணிக்கா?... சரிங்க மேடம். எடுத்துட்டு வர்றேன்."

வைத்துவிட்டுத் திரும்பினாள். "அக்கா, என் ஃபைல் அங்க அலமாரில இருக்கு."

"என்னோடதும் அங்கதான் இருக்கு" என்றாள் ரெண்டடி.

அப்பா எழுந்துவிட்டார். "யாரோட காகிதம் யார் அலமாரில இருக்கு? நட, நானும் வர்றேன்." மாடி ஏற வேண்டும் என்று சொல்லிப் பார்த்தாள். காதில் போட்டுக்கொள்ளவில்லை. மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

இரண்டு மாடி. ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கி ஏறினார். மேல் நடையில் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் சுற்று முடிந்து நாளைய தெருவுக்குக் காத்திருக்கும் புது முகங்கள். உள்ளே போனதும் அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். கால் நிற்கவில்லை. ஜன்னல் ஓரம் காலியாக ஒரு நாற்காலி இருந்தது, பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். நேராகப் போய் மெத்தையைப் போட்டு அதில் உட்கார்ந்துவிட்டார். விற்றுவிட்டுத் திரும்பியிருந்த ஏழெட்டுப் பேரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். இத்தனை மாதத்தில் அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து அவர்கள் பார்த்ததில்லை.

"பெரியவரே, அதுல உக்காரக் கூடாது" என்றார் மேலாளர்.

"தம்பி, முப்பத்தொரு வருஷம் ஊரார் காகிதத்தைக் கையில வெச்சிருந்தவன் நான். யார் பேருக்கு வந்ததோ அவங்க கையில அன்னிக்கே கொடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். நீங்க ஏழு மாசமா வெச்சிருக்கீங்க. ரெண்டு பேர் ஃபைலையும் கொடுத்துடுங்க, எழுந்துக்கிறேன்."

"சரிபார்ப்பு நடக்குது, பதினஞ்சு நாள் ஆகும்."

"ஆகட்டும். எனக்கு வேற வேலையில்ல" என்று காலை நீட்டிக்கொண்டார். அவர் குரல் தெருவுக்கே கேட்கிற தபால்காரக் குரல். நடையில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

மேலாளர் அதைக் கவனித்தார். சாவியை எடுத்துக்கொண்டு ரெண்டடியைத் தனியாக அலமாரிப் பக்கம் அழைத்தார். குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணோட ஃபைலை எடுத்துக்கோங்க. அஞ்சாவது ஆளும் வேணாம். நாளையில இருந்து அந்த நாற்காலி உங்களுக்குத்தான். மாசச் சம்பளம். எழுதியே தர்றேன். உங்கப்பா சந்தோஷப்படுவாரு இல்ல?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அதே நாற்காலி. அதில் அப்பா. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அப்போதும் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு கால்களும் ஒன்றுசேர்ந்து அதைக் கேட்டன.

"வசதியா இருக்காப்பா?" என்று கேட்டாள்.

அவர் இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தார். "ம். ஒரு காலு ஆடுதும்மா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. "ரெண்டு ஃபைலும் கொடுங்க சார்" என்றாள்.

எட்டிப் பார்க்கிற கழுத்துகளைப் பார்த்துவிட்டு மேலாளர் இரண்டையும் எடுத்துக் கொடுத்தார், அப்பா மெத்தையோடு எழுந்தார். நடையில் அந்த மூன்று பேர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மடியில் வெறும் கை, ஃபைல் உள்ளே போயாகிவிட்டது. அவள் அவர்கள் முன்னால் நின்றாள். "இங்க சேராதீங்க. உங்க காகிதத்தை வாங்கிட்டு வீட்டுக்குப் போங்க" என்றாள்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்தவள், கண்ணில் நெருப்பு இருப்பதாக அன்று காலைதான் யாரோ சொல்லியிருக்க வேண்டும், புரிந்துகொண்ட மாதிரி சிரித்தாள். "எங்களுக்குத் தெரியும் மேடம். சோதனை ஆரம்பிச்சாச்சு, இல்ல?"

புதுச்செருப்பு ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ரெண்டடியின் கையை ஒரு முறை இறுக்கிப் பிடித்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள். அப்பாவும் மகளும் மெதுவாக இறங்கினார்கள். பாதிப் படியில் அப்பா நின்றார்.

"அவங்க நம்பலயேம்மா."

"நானும் நம்பல அப்பா, அன்னிக்கு."

இன்னும் நாலு படி இறங்கினாள். நாளைக் காலை எட்டரைக்கு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் கால் நின்றதற்குக் காரணம் அது இல்லை. மேலே சாயங்காலக் கைதட்டல் சத்தம் தொடங்கிவிட்டது. யாரோ மணியை அடித்தார்கள்.

"அப்பா, உங்களால கொஞ்ச நேரம் இங்க உக்கார முடியுமா? இன்னும் ஒரு வாசல் பாக்கி இருக்கு."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். "எத்தனை நேரம் ஆனாலும் இரு. அவங்க நம்புற வரைக்கும் இரு" என்றார். மெத்தையைப் படியில் போட்டு, கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். அவள் இரண்டிரண்டு படியாக மேலே ஏறிப்போய், அந்த மூன்று பேரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.